15-1 யார் கணக்கில் சேரும்? ஜிஎம்மை அணியின் வெற்றி தோல்வி வைத்து எடைபோடலாமா?

எடிசன்வாசி:

அமெரிக்க ஃபுட்பால் லீகான என்எஃப்எல் பார்க்கிறவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள் என்று தெரியும். அந்த நம்பிக்கையில்தான் கேட்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் எனக்கும் என் மச்சினனுக்கும் ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. டேவ் கெட்டில்மேன் நல்ல ஜெனரல் மேனேஜரா (ஜிஎம், அதாவது அணிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுப்பவர்), மோசமானவரா என்பதுதான் விஷயம்.

அவன் நியூஜெர்சியிலேயே வளர்ந்தவன், பரம நியூயார்க் ஜெயன்ட்ஸ் ரசிகன். "மாமா, நாலு வருஷம். 19 வெற்றி, 46 தோல்வி. இதுக்கு மேல என்ன பேச்சு?" என்கிறான். 2018 முதல் 2021 வரை ஜெயன்ட்ஸ் ஆடியது 5-11, 4-12, 6-10, 4-13. கூட்டினால் அவன் சொன்ன எண்தான் வருகிறது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் நான் அவரை முதலில் பார்த்தது இங்கே இல்லை. 2011-ல் வேலைக்காக சார்லட் வந்தேன். அந்த வருடம்தான் அந்த ஊர் அணியான கரோலினா பாந்தர்ஸ், டிராஃப்டின் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து ரவுண்ட் ரவுண்டாக எடுக்கும் வருடாந்தரத் தேர்வு) முதல் ஆளாக, பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் கேம் நியூட்டனை எடுத்திருந்தது. ஆட்டம் எனக்கு ஒன்றும் புரியாது. பக்கத்து இருக்கைக்காரர் திங்கட்கிழமை தோறும் சொல்லிக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். 2012-ல் அணி 1-5 என்று தடுமாறியபோது, அக்டோபரில் ஜிஎம் மார்ட்டி ஹர்னியை நீக்கினார்கள். அடுத்த ஜனவரியில் கெட்டில்மேன் வந்தார். வந்த வருடமே 12-4. பிறகு 7-8-1, அதன்பிறகு 15-1, கடைசியாக 6-10. மொத்தம் 40 வெற்றி, 23 தோல்வி, ஒரு டிரா. 2017 ஜூலையில் அவரையும் அனுப்பிவிட்டார்கள். அந்த டிசம்பர் கடைசியில் ஜெயன்ட்ஸ் அவரை எடுத்துக்கொண்டது. அடுத்த மாதம் வேலை மாறி நானும் நியூஜெர்சியில் எடிசன் வந்து சேர்ந்தேன்.

ஒரே மனிதர். அங்கே 40-23-1, இங்கே 19-46. ஆட்களைப் பார்க்கும் கண் ஒன்றுதான். இரண்டு இடத்திலும் முன்வரிசைக்குக் கனத்த உடம்புக்காரர்களைத் தேடித் தேடி எடுத்தவர். இந்த இரண்டு எண்களும் ஒரே ஆளைப் பற்றியவை என்றால், எண் எதை அளக்கிறது என்ற சந்தேகம் வரத்தானே செய்யும்?

என்னிடம் ஒரு கோடு போட்ட நோட்டு இருக்கிறது. ஆட்டம் கற்றுக்கொள்ளும் நாளில் வாங்கியது. ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு வரி: சட்டை எண், பெயர், எந்த ரவுண்டில் வந்தார், கொண்டுவந்தது யார். அந்த 15-1 சீசனின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் 50-க்கு முந்தைய இரவு பாந்தர்ஸ் ஆட்களை இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதினேன். இடது பக்கம் ஹர்னி, வலது பக்கம் கெட்டில்மேன். வலது பத்தி நீளமாக வந்தது. கவான் ஷார்ட், ஸ்டார் லோட்டுலெலே, ட்ராய் டர்னர், டிராஃப்டில் யாரும் எடுக்காமல் விட்ட ஆண்ட்ரூ நார்வெல், அந்த சீசனில் எதிரணி வீசிய பந்தை 7 முறை பறித்த (இன்டர்செப்ஷன்) கர்ட் கோல்மன், 10 டச்டவுன் (எதிரணியின் எல்லையான எண்ட் ஜோனில் பந்தைச் சேர்த்து எடுக்கும் புள்ளி) பிடித்த டெட் கின். மலிவு விலையில் நல்ல சரக்கு. மறுப்பதற்கில்லை.

இடது பத்தி குட்டை. ஆனால் அதில் இருந்தவர்கள் யார் தெரியுமா? அந்த வருடத்து எம்விபி (சீசனின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்) கேம் நியூட்டன். லூக் கீக்லி. தாமஸ் டேவிஸ். ஐந்தாம் ரவுண்டில் எடுத்த ஜாஷ் நார்மன். ரயன் கலில். சிகாகோவிடம் ஒரு மூன்றாம் ரவுண்ட் வாய்ப்பைக் கொடுத்து வாங்கிய கிரெக் ஓல்சன். எண்ணிப் பார்த்தால் கெட்டில்மேன் அணி, தூக்கிப் பார்த்தால் ஹர்னி அணி. நீக்கப்பட்டு மூன்று வருடம் ஆன ஒரு மனிதர் கட்டிய முதுகெலும்பு அது.

மறுநாள் டென்வரிடம் 24-10 என்று தோற்றோம். முதல் கால் பகுதியில் வான் மில்லர் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் முன்வரிசையில் எங்கள் ரைட் டாக்கிளான மைக் ரெம்மர்ஸைச் சுற்றிக்கொண்டு வந்து நியூட்டன் கையிலிருந்து பந்தைப் பிடுங்கினார், அது எங்கள் எண்ட் ஜோனில் விழுந்து டென்வருக்கு டச்டவுனாகிவிட்டது. கடைசிப் பகுதியில் மறுபடியும் அதே இடம், அதே மில்லர். ரெம்மர்ஸ் வலது பத்தியில் இருந்தவர். வருடம் முழுக்கத் தாங்கிய மலிவுச் சரக்கு அந்த ஓர் இரவில் தாங்கவில்லை. அதற்காக அந்த இரண்டு நொடியை வைத்து ஒரு ஜிஎம்மின் நாலு வருட வேலையை எழுதிவிட முடியுமா?

இதையெல்லாம் சொன்னால் மச்சினன் 2022-ஐ எடுக்கிறான். கெட்டில்மேன் ஓய்வு பெற்றார், ஜோ ஷேன் ஜிஎம்மாக வந்தார், முதல் வருடமே 9-7-1, சீசனுக்குப் பிந்தைய நாக்-அவுட் சுற்றான பிளேஆஃபில் மினசோட்டாவில் போய் 31-24 என்று ஜெயித்தார்கள். "பார்த்தீங்களா, ஆள் மாறின உடனே?" என்கிறான். அந்த ஆட்டத்தில் 301 யார்டு வீசிய டேனியல் ஜோன்ஸ், பார்க்லி, ஆண்ட்ரூ தாமஸ், டெக்ஸ்டர் லாரன்ஸ் எல்லோரும் கெட்டில்மேன் டிராஃப்ட் செய்தவர்கள். 2013-ல் ஹர்னியின் பயிரை கெட்டில்மேன் அறுத்தார். 2022-ல் கெட்டில்மேனின் பயிரை ஷேன் அறுத்தார். எனக்கு அப்படித்தான் படுகிறது.

நீங்கள் எப்படிப் பார்க்கிறீர்கள்? வெற்றி தோல்வி வேண்டாம் என்றால் ஒரு ஜிஎம்மை எதை வைத்து எடைபோடுவது?


ஏரிக்கரை:

எடிசன் நண்பரே, இந்தக் கேள்விக்கு எங்கள் ஊரைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. பத்து வருடத்துக்கும் மேலாக கிளீவ்லேண்டில் இருக்கிறேன். எங்கள் அணி பிரௌன்ஸ் 2016-ல் 1-15, 2017-ல் 0-16. அந்த இரண்டு வருடமும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு சாஷி பிரௌன் கையில் இருந்தது. சட்டம் படித்தவர், அணிக்கு வழக்கறிஞராக இருந்தவர். ஜிஎம் என்ற பட்டம்கூட அவருக்கு இல்லை, ஆனால் 53 பேர் பட்டியலில் கடைசி வார்த்தை அவருடையது. 2017 டிசம்பரில், 0-12 என்று இருந்தபோது நீக்கினார்கள். 28 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. வெற்றி தோல்விதான் அளவுகோல் என்றால், இவரைவிட மோசமானவரைத் தேடிக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

2018 ஜனவரி 6, சனிக்கிழமை. 0-16-க்காக ரசிகர்கள் ஸ்டேடியத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். பாதையே ஒரு பெரிய பூஜ்யம் மாதிரி. கன்னம் மரத்துப்போகும் குளிர். என் மகளுக்கு அப்போது ஏழு வயது, என் கோட்டுப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு நடந்தாள். எங்களுக்கு முன்னால் போன பெரியவர் ஓர் அட்டையில் பதினாறு ஸ்கோரையும் வரிசையாகப் பேனாவால் எழுதி வைத்திருந்தார். அவர் கத்தவில்லை, யாரையும் திட்டவில்லை. அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார், அவ்வளவுதான். அன்று யாராவது என்னிடம் வந்து சாஷி பிரௌன் நல்ல வேலை செய்திருக்கிறார் என்று சொல்லியிருந்தால் நான் கேட்டிருக்கவே மாட்டேன்.

ஆனால் அன்றைக்கு அலமாரியில் என்ன இருந்தது என்று பாருங்கள். 2017-ல் முதல் ஆளாக எடுத்த மைல்ஸ் கேரெட் இருந்தார். அடுத்த டிராஃப்டில் ஆள் எடுக்கும் வரிசையில் 1-ஆம் இடமும் 4-ஆம் இடமும் எங்களுடையவை. அந்த நாலாம் இடம், 2017-ல் டெஷான் வாட்சனை எடுக்க ஆசைப்பட்ட ஹூஸ்டனுக்கு எங்கள் 12-ஆம் இடத்தைக் கொடுத்து வாங்கியது. 35-ஆம் இடமும் ஹூஸ்டனுடையதுதான். அது வந்த கதை இன்னும் விசேஷம். ப்ராக் ஆஸ்வைலர் என்ற குவார்ட்டர்பேக்குக்கு அவர்கள் பெரிய சம்பளம் பேசி மாட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த 1.6 கோடி டாலரை நாங்கள் சுமக்கிறோம், பதிலுக்கு இரண்டாம் ரவுண்ட் வாய்ப்பைத் தாருங்கள் என்று வாங்கினார் பிரௌன். அதாவது காசு கொடுத்து டிராஃப்ட் வாய்ப்பு வாங்கினார். ஃபுட்பாலில் அப்போது எல்லோருக்கும் அது புதிதாக இருந்தது. இதற்கும் மேலே, ஓர் அணி ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கக்கூடிய சம்பள உச்சவரம்பில் 10 கோடி டாலருக்கு மேல் இடம் மிச்சம் இருந்தது.

அந்த 1, 4, 35 என்ற மூன்று இடங்களிலும் அடுத்து வந்த ஜான் டார்ஸி எடுத்தது பேக்கர் மேஃபீல்டு, டென்ஸல் வார்ட், நிக் சப். 2018 செப்டம்பர் 20 வியாழன் இரவு மேஃபீல்டு பாதி ஆட்டத்தில் உள்ளே வந்து நியூயார்க் ஜெட்ஸ் அணியை 21-17 என்று ஜெயித்தபோது, எங்களுக்குக் கடைசி வெற்றி கிடைத்து 635 நாள் ஆகியிருந்தது. அணி ஜெயிக்கும் நாள்வரை என்று ஊரில் பார்களில் பூட்டி வைத்திருந்த பியர் ஃப்ரிட்ஜ்கள் அன்று திறந்துகொண்டன. பிறகு 2020-ல் 11-5, பிளேஆஃபில் பிட்ஸ்பர்க்கில் 48-37. 1994 சீசனுக்குப் பிறகு முதல் பிளேஆஃப் வெற்றி. பதிவேட்டில் அது ஜிஎம்மாக ஆண்ட்ரூ பெர்ரியின் முதல் வருடம். அந்த பெர்ரியும் முன்பு பிரௌன் காலத்தில் அதே அலுவலகத்தில் இருந்தவர்தான்.

இங்கே நீங்கள் சொன்ன பயிர், அறுவடைக் கணக்கு எனக்குப் போதவில்லை. வாய்ப்பைச் சேர்த்தது பிரௌன். அந்த வாய்ப்பில் சப்தான் வேண்டும் என்று கை நீட்டியது டார்ஸி. நாலாம் இடம் கையில் இருந்தாலும் தவறான ஆளை எடுத்திருக்கலாமே? விதை ஒருவர், நாற்று ஒருவர், அறுப்பு இன்னொருவர். ஒரு சீசனின் வெற்றியை மூன்றாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும்.

பிரௌன் பக்கம் குறையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2016-ல் 2-ஆம் இடத்தை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்தார், அவர்கள் கார்சன் வென்ட்ஸை எடுத்தார்கள். அடுத்த வருடம் வாட்சனை விட்டார். அந்த 2016 மார்ச்சில் சென்டர் அலெக்ஸ் மேக், டாக்கிள் மிட்சல் ஷ்வார்ட்ஸ் இருவரும் வேறு அணிக்குப் போனார்கள். முன்வரிசை இல்லாமல் யார் ஜெயிப்பது? நாளைக்காகச் சேர்த்து வைக்கிறேன் என்று இன்றைக்கு அடுப்பையே அணைத்துவிட்டார். அந்தக் குளிரில் நடந்த பெரியவருக்கு அது நியாயம் இல்லை. ஆனால் பிரௌனை அனுப்பிவிட்டு, இரண்டு வருடத்தில் 1-31 ஆடிய கோச் ஹ்யூ ஜாக்சனை மட்டும் வைத்துக்கொண்டார்களே, அது இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

என் வழக்கம் இதுதான். ஒரு ஜிஎம் போன பிறகு மூன்றாம் வருடம் அணியின் பட்டியலை எடுத்துப் பார்ப்பேன். அவர் விட்டுப்போனவர்களில் எத்தனை பேர் இன்னும் தொடக்க அணியில் ஆடுகிறார்கள் என்று எண்ணுவேன்.


சிகாகோ கணக்குப்பிள்ளை:

என் தொழில் கணக்குத் தணிக்கை. ஒரு கடையை வாங்கினவர் முதல் வருடம் பெரிய லாபம் காட்டினால் நாங்கள் முதலில் கேட்பது ஆரம்ப இருப்பு எவ்வளவு என்று. பழைய முதலாளி அடுக்கி வைத்த சரக்கை விற்ற லாபத்தைப் புது முதலாளியின் திறமை என்று எழுத முடியாது. கடைசியில் இறுதி இருப்பையும் பார்ப்போம், கொடுக்க வேண்டிய பாக்கியையும் பார்ப்போம்.

பால்டிமோரில் 2019-ல் 14-2. எரிக் டிகோஸ்டா ஜிஎம் ஆன முதல் வருடம். லமார் ஜாக்சன் எம்விபி. வேறு அணியோடு இடம் மாற்றிக்கொண்டு 32-ஆம் இடத்துக்கு ஏறிப் போய் அவரை எடுத்தது முந்தைய ஜிஎம் ஆஸி நியூசம், 2018-ல், தன் கடைசி டிராஃப்டில். 1996-ல் முதல் டிராஃப்டில் ஜானதன் ஆக்டன், ரே லூயிஸ் இரண்டு பேரையும் ஒரே ரவுண்டில் எடுத்த அதே மனிதர். 14-2 யாருடையது என்று அந்த ஊரில் யாரும் சண்டை போடுவதில்லை, ஏனென்றால் டிகோஸ்டா 1996 முதலே அங்கே இருந்தவர். கை மாறும்போது கடை மூடப்படவில்லை.

எடிசன்வாசி, உங்கள் மச்சினன் காட்டும் அந்த மினசோட்டா ஆட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மினசோட்டா அணியான வைகிங்ஸ் 2022-ல் 13-4. ஆனால் அவர்கள் அடித்த புள்ளி 424, வாங்கியது 427. பதின்மூன்று ஆட்டம் ஜெயித்த அணி மொத்தத்தில் மூன்று புள்ளி பின்னால்! எட்டுப் புள்ளிக்குள் முடிந்த 11 ஆட்டத்திலும் ஜெயித்திருந்தார்கள். அடுத்த வருடம் 7-10. அந்த 13-4-ஐ நம்பி அவர்கள் ஜிஎம்மைப் புகழ்ந்தவர்களும் உண்டு, அடுத்த வருடம் அவரையே திட்டியவர்களும் உண்டு. ஆள் அதே ஆள்தான். 17 ஆட்டம் என்பது ரொம்பக் கொஞ்சம். ஒரு ஃபீல்டு கோல் கம்பத்தில் பட்டு எந்தப் பக்கம் விழுகிறது என்பதில் ஒருவர் வேலை இருக்கிறது.

கெட்டில்மேனுக்கு வருவோம். அவர் விட்டுச்சென்ற ஆட்களை நீங்கள் எழுதினீர்கள், பாக்கியை எழுதவில்லை. 2021-ல் கென்னி காலடே என்ற, வீசும் பந்தைப் பிடிக்கும் ரிசீவருக்கு நாலு வருடத்துக்கு 7.2 கோடி டாலர் பேசினார். ஜெயன்ட்ஸ் சட்டையில் அவர் பிடித்த டச்டவுன் மொத்தம் ஒன்று. சம்பள உச்சவரம்பு நெருக்கியதால் 2022 மே மாதம் ஜேம்ஸ் பிராட்பெரியை ஷேன் வெளியே விட வேண்டியதாயிற்று. அவர் பரம எதிரி ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய் அங்கே சூப்பர் பௌல் வரை ஆடினார். அதுவும் 19-46-இல் தெரியாது.


எடிசன்வாசி:

கணக்குப்பிள்ளை சார், பாக்கியை விட்டது என் தப்புதான், ஏற்றுக்கொள்கிறேன். பிராட்பெரி போன அன்று மச்சினன் ஷேனைத் திட்டினான், நானும் சேர்ந்துதான் திட்டினேன். பில்லைக் கொண்டுவந்தவர் வேறு, கையெழுத்துப் போட்டவர் வேறு என்று அன்று யோசிக்கவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. 2018-ல் 2-ஆம் இடத்தில் பந்தைக் கையில் வாங்கி ஓடும் ஒரு ரன்னிங் பேக்கை, சேக்வான் பார்க்லியை, எடுத்ததற்காக கெட்டில்மேனை இன்றுவரை திட்டுகிறார்கள். ஷேன் 2024-ல் அவரைப் போக விட்டார். பார்க்லி ஃபிலடெல்ஃபியாவில் 2,005 யார்டு ஓடி சூப்பர் பௌல் வாங்கினார். ஜெயன்ட்ஸ் அந்த வருடம் 3-14. அப்படியானால் எடுத்தது தப்பா, விட்டது தப்பா?


மிஷிகன்மலர்:

ஏரிக்கரை தம்பி, எடிசன் தம்பி, இரண்டு பேரும் எழுதியதை முழுதாகப் படித்தேன். பாதி ஒத்துக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு என் ஊர்க் கதையைச் சொல்ல வேண்டும். நாங்கள் டெட்ராய்ட் பக்கம் வந்தது 2002-ல்.

மேட் மில்லன் 2001 முதல் 2008 செப்டம்பர் வரை எங்கள் அணியான டெட்ராய்ட் லயன்ஸைப் பார்த்துக்கொண்டார். 31 வெற்றி, 84 தோல்வி. அவரை நீக்கு என்ற அட்டையை இங்கே பாஸ்கட்பால் ஆட்டத்தில்கூடத் தூக்கிப் பிடித்தார்கள். 2005 டிசம்பரில் லயன்ஸ் ஸ்டேடியமான ஃபோர்டு ஃபீல்டு வாசலிலேயே ஊர்வலம் போனார்கள். அதே வருடம்தான் அவர் ஒப்பந்தத்தை ஐந்து வருடம் நீட்டியிருந்தார்கள்! 2003, 2004, 2005 மூன்று வருடமும் முதல் ரவுண்டில் ரிசீவர், ரிசீவர், மறுபடியும் ரிசீவர். 2005-ல் 10-ஆம் இடத்தில் மைக் வில்லியம்ஸை எடுத்தார். 11-ஆம் இடத்தில் டல்லஸ் எடுத்தது டிமார்கஸ் வேர். இன்று அவர் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்.

மில்லன் விட்டுப்போன நல்ல ஆள் யாரும் இல்லையா? இருந்தார், கால்வின் ஜான்சன். தம்பி சொன்ன மூன்றாம் வருடக் கணக்கு, கணக்குப்பிள்ளையின் இருப்புக் கணக்கு எல்லாம் போட்டுப் பார்த்தாலும் கடைசியில் அந்த 31-84 பொய்யில்லை. ஒன்றிரண்டு வருடத்தில் பதிவு பொய் சொல்லலாம். ஏழு வருடத்தில் இருந்ததெல்லாம் அவரே கொண்டுவந்த ஆட்கள், அவர் காலத்தில் வந்த கோச்சுகள். வேறு யார் தலையில் போடுவது? வெற்றி தோல்வியே வேண்டாம் என்று சொன்னால் இப்படிப்பட்டவர் வருடத்துக்கு ஒரு காரணம் சொல்லித் தப்பித்துவிடுவார். பனியில் டிக்கெட் வாங்கிப் போகிறவர்களுக்கு அந்த எண் ஒன்றுதான் பிடிமானம்.

இப்போது மறுபக்கம். லயன்ஸுக்கு பிராட் ஹோம்ஸ் 2021-ல் ஜிஎம்மாக வந்தார். முதல் வருடம் 3-13-1. அடுத்த வருடம் 1-6. அன்று நிறுத்தியிருந்தால் நாலு வெற்றி என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். முதலாளியம்மா பொறுத்தார். மீதி பத்தில் எட்டு ஜெயித்து 9-8. பிறகு 12-5, அதன்பிறகு 15-2.

அவர் செய்த முதல் பெரிய வேலை எங்கள் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் கொடுத்தது. பதிலுக்கு அவர்கள் குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃப், இரண்டு முதல் ரவுண்ட் வாய்ப்பு, ஒரு மூன்றாம் ரவுண்ட் வாய்ப்பு. அதில் ஒரு முதல் ரவுண்டைக் கொண்டு மேலே ஏறி ஜேமிசன் வில்லியம்ஸ். இன்னொன்றைக் கொண்டு கீழே இறங்கி ஜமீர் கிப்ஸ், கூடவே கிடைத்த இடத்தில் சாம் லபோர்ட்டா. 2024 ஜனவரி 14 இரவு அதே ராம்ஸ், அதே ஸ்டாஃபர்ட் இங்கே ஆட வந்தார்கள். 24-23. முப்பத்திரண்டு வருடத்தில் எங்களுக்கு முதல் பிளேஆஃப் வெற்றி. எங்கள் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தார். டிவியில் கூட்டம் முழுக்க ஒரே பெயரைச் சொல்லிக் கத்துவதைக் கேட்டு, "யாரைம்மா கூப்பிடறாங்க?" என்றார். காஃபைத்தான். டிரேடில் ஒட்டிக்கொண்டு வந்தவர், கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போவார் என்று எல்லோரும் நினைத்த காஃப்.

அந்த டிரேடில் ராம்ஸ் தோற்றதா? அதுவும் இல்லை. வந்த முதல் வருடமே ஸ்டாஃபர்ட் அவர்களுக்கு சூப்பர் பௌல் வாங்கிக் கொடுத்தார். அங்கே ஜிஎம் லெஸ் ஸ்னீட். 2012 முதல் 2016 வரை அவர் காலத்தில் ராம்ஸ் 31-48-1. கோச் ஜெஃப் ஃபிஷர், ஸ்னீட் வருவதற்கு முன்பே வேலைக்கு வந்தவர். 2017-ல் ஷான் மெக்வே வந்தார், அந்த சூப்பர் பௌல் வருடம் வரை ஐந்து சீசனில் 55-26. ஜிஎம் மாறவில்லை. ஏரான் டொனால்டை 13-ஆம் இடத்தில் எடுத்தது அந்தத் தோற்ற காலத்தில்தான். 2016 கடைசியில் ஸ்னீடையும் சேர்த்து அனுப்பியிருந்தால் அவரும் உங்கள் கெட்டில்மேன் மாதிரிதான் பேசப்பட்டிருப்பார்.

பார்க்லி கேள்விக்கு என் பதில்: ஆளைத் தேர்ந்தது சரி, கொடுத்த விலை அதிகம். 2-ஆம் இடம் என்பது குவார்ட்டர்பேக்குக்கோ முன்வரிசைக்கோ உள்ள விலை. நல்ல புடவைதான், அதற்காக வீட்டு வாடகைக் காசை எடுத்து வாங்கக்கூடாது. முன்வரிசை இல்லாத அணியில் அவர் முட்டி உடைந்தது. முன்வரிசை உள்ள அணியில் 2,005.


எடிசன்வாசி:

மிஷிகன் அக்கா, ஏழு வருடக் கணக்கு நியாயமாகப் படுகிறது. கெட்டில்மேனுக்கு இரண்டு ஊரிலும் நாலு நாலு வருடம்தான். கரோலினாவில் அவர் கையில் வந்தது நிறைந்த கிடங்கு, ஜெயன்ட்ஸில் வந்தது காலிக் கிடங்கும் வயதான குவார்ட்டர்பேக் ஈலை மேனிங்கும். 40-23-1 அவருக்குக் கொஞ்சம் அதிகம், 19-46 கொஞ்சம் குறைவு. ஆனால் ஜெயன்ட்ஸில் நாலு வருடத்தில் இரண்டு கோச், இரண்டு பேரும் சரியில்லை, காலடே பணம், பார்க்லி விலை. அதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் மச்சினன் பக்கம் நான் நினைத்ததைவிட நியாயம் அதிகம். சனிக்கிழமை வருவான், நேரிலேயே சொல்லிவிடப் போகிறேன். ஷேனைப் புகழ்ந்ததை மட்டும் அவன் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ஜோன்ஸுக்கு 16 கோடி டாலர் எழுதிக்கொடுத்து ஒன்றரை வருடத்தில் வெளியே அனுப்பியது அவர்தான்.

நோட்டில் இரவு இரண்டு பத்தி கூட்டினேன். கொண்டுவந்தவர் பெயருக்குப் பக்கத்தில் விலை. அதற்குப் பக்கத்தில், அந்த வாய்ப்பு எந்த வழியில் வந்தது. ஏரிக்கரை, சப் பெயருக்கு நேரே பிரௌன், டார்ஸி இரண்டு பேரையும் எழுதிவிட்டேன்.

எழுதும்போது ஒன்று கண்ணில் பட்டது. ஹூஸ்டனிடம் 12-ஆம் இடத்தைக் கொடுத்தபோது உங்கள் ஊருக்கு அந்த வருடத்து 25-ஆம் இடமும் வந்ததல்லவா? அதில் சாஷி பிரௌன் எடுத்தது ஜப்ரில் பெப்பர்ஸ். 2019-ல் ரிசீவர் ஓடெல் பெக்கமை உங்களுக்குக் கொடுத்து கெட்டில்மேன் வாங்கியது அதே பெப்பர்ஸ், ஒரு மூன்றாம் ரவுண்ட், பிறகு டெக்ஸ்டர் லாரன்ஸை எடுத்த அந்த 17-ஆம் இடம். உங்கள் பக்கத்திலிருந்து என் பக்கத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். லாரன்ஸ் பெயருக்கு எதிரே நாலு பேர் பெயர் வருகிறது, பத்தியில் இடம் போதவில்லை.